கால்வாயில் ஒரு போத்தல் பச்சை

ஒக்லாந்தில் எங்கள் துறைமுகத்தின் சுற்றுச்சூழல் அலுவலராக இருந்தேன். மழைநீரை வெளியேற்றும் அனுமதியைப் புதுப்பிக்குமுன் கால்வாய்களைச் சோதிக்க ஓர் ஆலோசகர் வேண்டும் என்று மூன்று முறை எழுதியிருந்தேன். நிதி மேலாளர் ராமபத்ரன் மூன்று முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"கால்வாய் மேப் இருக்கே சுகந்தினி. எல்லாத் தண்ணியும் வடிகட்டுற தொட்டிக்குத்தானே போகுது? கன்சல்டன்ட் எதுக்கு?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. தொண்ணூற்றாறில் ஒரு தூறல் காலை, கொள்கலன் முற்றத்துக் கால்வாயில் தீங்கில்லாத பச்சைச் சாயம் ஒரு போத்தல் ஊற்றிவிட்டு, அவரைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போனேன். இருபது நிமிடம் நின்றோம். தொட்டியில் நிறமே இல்லை.

திரும்பியவர் கடலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். துறையில் கட்டியிருந்த கப்பலின் நிழலுக்குள்ளிருந்து பச்சை மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்தது. சாம்பல் வானம் அதற்குள் மிதந்தது. கடற்புறாக்கள் அதில் இறங்கி உட்கார்ந்து ஆடின. கொஞ்ச நேரம் எனக்கே கோபம் மறந்துபோயிற்று.

"எவ்வளவு அழகா இருக்கு," என்றார், கனவில் பேசுவதுபோல. பிறகு குரல் தாழ்ந்தது. "எப்பலேர்ந்து இது கடலுக்குப் போகுது?"

"எப்பவும் கடலுக்குத்தான் போனது," என்றேன். "இண்டைக்குத்தான் நிறத்தோட போகுது."