எஞ்சினுக்கு முன்னால் ஒரு பெட்டி

ஃபிரடிக்கும் ஜோவிதாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. அதில் சேர்ந்து வாழ்ந்தது எவ்வளவு என்று கேட்டால் ஃபிரடி கொஞ்சம் யோசிப்பான். ஒரகடத்தில் அவனுக்கு இரண்டாம் ஷிஃப்ட்; ஸ்ரீபெரும்புதூரில் அவளுக்கு முதல் ஷிஃப்ட். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை. அவன் வரும்போது அவள் தூங்குவாள். அவள் கிளம்பும்போது அவன் குறட்டை விடுவான். பென்னலூர் நிறுத்தத்தில் அவள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கவும், அவன் தன் பஸ்ஸில் ஏறவும் சரியாக இருக்கும். “கொழம்பு அடுப்பு மேல கீது.” “மாவு ஃபிரிட்ஜ்ல கீது.” இல்லறப் பேச்சு அவ்வளவுதான்.

மீதிக் குடித்தனம் போனில் நடந்தது. கட்டைகளை அடுக்கி ஊரையே எழுப்பலாம் என்கிற விளையாட்டில் இருவருக்கும் பொதுவாக ஓர் உலகம் வைத்திருந்தார்கள். அதில் நீலகிரி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. தேன்நிலவுக்குப் போனபோது அந்த ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. குன்னூர் ஸ்டேஷனில் அது வந்து நிற்பதை ஜோவிதா கண்ணாரப் பார்த்தாள். புது மாப்பிள்ளையோ, மலைப்பாதை பஸ் செய்த உபகாரத்தில், எலுமிச்சம்பழத்தை மோந்தபடி வெளியே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

காலையில் அவன் கட்டுவான், மாலையில் அவள். அடுத்த ஆளுக்கான சேதி, எஞ்சின் பக்கத்தில் நட்ட பலகையில் இருக்கும். ‘கொதிகலன் முடிச்சிட்டேன். புகைபோக்கி உன் வேலை.’ ‘புகைபோக்கி ஓகே. நீ வச்ச சக்கரம் முட்டை மாதிரி கீது.’ அந்தப் பலகையைப் படிக்காமல் ஃபிரடிக்குப் பல் விளக்கத் தோன்றாது. பெண்டாட்டியின் குரலை அவன் கேட்பது அதில்தான்.

வினை அவன் உத்தியோகத்தால் வந்தது. ஃபிரடி கம்பெனியில் கியூசி, அதாவது தரம் பார்க்கும் ஆள். டிராயிங்கில் இல்லாத எதையும் லைனில் விடமாட்டான். சிவப்பு டேக் மாட்டுவான்; யாரும் வந்து கேட்காவிட்டால் ஸ்கிராப். ஒரு காலையில் எஞ்சினின் மூக்குக்கு முன்னால் நீலமாக ஏதோ முளைத்திருந்தது. ஒரு பெட்டி, அதன் முகப்பில் சின்ன பால்கனி. அவன் பார்த்துக் கட்டிய படத்திலோ எஞ்சின் மட்டும்தான் இருந்தது. எஞ்சினுக்கு முன்னால் யாராவது பெட்டி மாட்டுவார்களா? சிவப்புக் கட்டை ஒன்றை அதன் தலையில் வைத்தான். அந்த வாரம் ஜோவிதாவுக்கு ஓ.டி. மேல் ஓ.டி.; விளையாட்டுப் பக்கமே வரவில்லை. கேட்பாரில்லை என்று அவன் பெட்டியை உடைத்துத் தரையைச் சமன் செய்தான். ‘தேவையற்ற பொருள் அகற்றப்பட்டது’ என்று பலகையில் எழுதினான். கீழே தன் பெயரையும் போட்டான்.

மறுநாள் ஓ.டி. முடிந்து அவள் உலகத்துக்குள் வந்து போயிருந்தாள்; பலகையில் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நிறுத்தத்தில் அவள் இறங்கி அவனைத் தாண்டி நடந்தாள்.

“ஜோ, கோவமா?”

“பஸ் வந்துச்சு பார், ஏறு.”

மாவு எங்கே இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

கேன்டீனில், அதே லைனில் வேலை பார்க்கும் பகலவனிடம் கதையைச் சொன்னான். பகலவன் சாம்பாரில் கையை வைத்தபடியே உறைந்துபோனான்.

“இன்னாடா பண்ணி வச்சிக்கீற? மலை ஏறும்போது எஞ்சின் பின்னாடிதான்டா. பொட்டியத் தள்ளிக்கினு போவும்.”

“முன்னாடி இன்னா கீதுன்னு டிரைவருக்கு எப்டிடா தெரியும்?”

“முன் பொட்டி பால்கனில ஒருத்தன் கொடிய வச்சிக்கினு நிப்பான். அவன் பச்சை காட்டுனா இவரு தள்ளுவாரு. அந்தப் பொண்ணு நேர்ல பாத்துட்டு கட்டிக்கீது, நீ ஸ்கிராப் பண்ணிட்டு வந்து சோறு துன்ற. உனக்கெல்லாம் எவன்டா கியூசி வேலை குடுத்தான்?”

ஃபிரடி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். பெட்டி போனால் இன்னொன்று கட்டலாம். அந்தப் பலகையில் அவள் இனி எழுதாவிட்டால்?

மறுநாள் லீவு போட்டு, தன் வேலையையும் பகலவன் தலையில் கட்டினான். பதிலுக்குப் பிரியாணி என்று ஒப்பந்தம். அவனுடைய பஸ் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. பின்னாலேயே அவளுடைய பஸ்.

“இன்னா, பஸ்ஸ வுட்டுட்டியா?”

“வுட்டுட்டேன். ஜோ, எஞ்சின் பின்னாடி வரும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அன்னிக்கு நான் பாத்ததே எலுமிச்சம்பழம் ஒண்ணுதான்.”

சிரித்துவிடக் கூடாதென்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “தெரியலனா கேக்கணும். சிவப்ப வச்சி ஒடச்சிடுவியா? நான் கட்டுனது உனக்கு ரிஜெக்ட் பீசா?”

“ரிஜெக்ட் பீசு நான்தான்.”

“அது எங்க அம்மா அப்பவே சொன்னாங்க. போன எடு.”

நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அந்த உலகத்தில் அவர்களுக்குப் பதிலாக நடமாடும் இரண்டு பொம்மைகளும் ஒரே நேரத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை. “கீழ நீலம், மேல க்ரீம். அங்க இல்ல, இந்தாண்ட,” என்று அவள் சொல்லச் சொல்ல அவன் கட்டினான். லாரிகள் போட்ட புழுதியில் பெட்டி மறுபடி எழுந்தது. அவளுடைய பொம்மை பச்சைக் கட்டையோடு பால்கனியில் ஏறிக்கொண்டது. அவனுடையதை எஞ்சினுக்குள் அனுப்பினாள்.

“ஜோ, இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியல.”

“உனக்கு இன்னா தெரியணும்? நான் பச்சை காட்டிக்கினு கீறேன்ல, தள்ளு.”

கட்டை ரயில் நகராது என்று இருவருக்கும் தெரியும். ஃபிரடி முன்னால் போகும் பொத்தானை அழுத்தினான். அவனுடைய பொம்மை கொதிகலனில் முட்டிக்கொண்டு நடந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.