அசல் சிகாமணி

சிகாமணி இணையத்தில் வாங்கிய பழைய வெள்ளி நாணயம் போலி என்று தெரிந்த மறுநாள், சிகாமணி அசல்தானா என்று பார்க்க ஆள் வந்தார். இது வழக்கமான நடைமுறைதான். நாணயம் வந்த அட்டைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

நாணயத்தில் ஒரு ராணியின் தலை இருந்தது. வந்த இரண்டாம் நாள் தொலைக்காட்சியில் சீரியல் ஓடியபோது ராணி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அசல் ராணி திரும்ப மாட்டாள். அவர் உடனே விற்பனைத் தளத்துக்குப் புகார் எழுதினார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வந்தவர் பெயர் வெள்ளியங்கிரி. கையில் சின்னத் தராசும் ஒரு காந்தமும் வைத்திருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு மரியாதையாகத்தான் உள்ளே வந்தார்.

“புகார் குடுத்தவரு அசலா இருந்தாத்தானுங்க புகாரு செல்லும். கொஞ்சம் சட்டையக் கழட்டுங்க.”

காந்தத்தை நெஞ்சில் வைத்தார். ஒட்டவில்லை. நெற்றியில் விரலால் சுண்டி, காதைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார். பிடரியில் அச்சடித்த வருஷம் இருக்கிறதா என்று தேடினார். தேய்ந்திருந்தது.

“உங்களக் குடுத்தது யாருங்க?”

“எங்கம்மாங்க.”

“ரசீது இருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

அதையும் எழுதிக்கொண்டார்.

“முடிவு நாளைக்குச் சொல்றனுங்க. அசல்னா இங்கயே இருந்துக்கலாம். போலின்னா வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பிருவோம்.”

“அம்மா செத்துப் பதினாறு வருஷமாச்சுங்க.”

“முகவரி இருந்தாப் போதுமுங்க.”

 சிகாமணி மனைவி ருக்மணியிடம் சொல்ல அடுக்களைக்குக் கிளம்பினார். அன்றைக்கு அடுக்களைக்குப் போகும் நடை நீண்டுவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். போய்ச் சேரும்போது மத்தியானம். இருபத்தெட்டு வருஷம் குடியிருந்த வீட்டை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. அவளை விட்டுப் போகவும்தான். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை என்பதால் ருக்மணி பூஜைச் சாமான்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, எண்ணெ வழிய இப்படியேவா அந்தாளு முன்னாடி நின்னீங்க? போலின்னு சொல்லாம என்ன சொல்லுவான்? உக்காருங்க.”

குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தாள். நெற்றி, காது மடல், கழுத்து மடிப்பு என்று ஒன்று விடாமல் தேய்த்தாள். “உங்கள யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்று அழுதுகொண்டே தேய்த்தாள். எரிந்தது. ஆனாலும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் அவரைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சாயங்காலம் அவர் தோளில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது.

சனிக்கிழமை வந்த வெள்ளியங்கிரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இத யாருங்க பண்ணுனது?”

“நாந்தானுங்க,” என்றாள் ருக்மணி பெருமையாக.

வெள்ளியங்கிரி பையை மெல்லக் கீழே வைத்தார். “ஏனுங்கம்மா, இவரு அசல்தானுங்க. சுண்டுனப்பவே தெரிஞ்சுது. ஆனா பழைய பொருளக் கழுவவே கூடாதுங்க. அந்த அழுக்குதானுங்க அத்தாட்சி. கழுவுனத அசல்னு எழுத எனக்கு அதிகாரமில்லீங்க.”

“அப்பப் போலிங்களா?” என்று கேட்டாள் ருக்மணி.

“போலியவாச்சும் வந்த எடத்துல எடுத்துக்குவாங்க. கழுவுனது உருக்கறதுக்குத்தானுங்க போகும்.” கடிகாரத்தைப் பார்த்தார். “வண்டி நாலு மணிக்குத்தான். அவசரமில்லீங்க.”

ருக்மணி அடுக்களைக்கு ஓடினாள். இன்றைக்கு அது பக்கத்திலேயே இருந்தது. தோசைக்கல்லின் அடிக்கரியை வழித்துக்கொண்டு வந்து சிகாமணியின் நெற்றியில் பூசினாள். வழுக்கி விழுந்தது. கன்னத்தில் பூசினாள். அதுவும் நிற்கவில்லை.

மேசைமேல் ராணி இந்தப் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து மடிப்பில் நல்ல கறுப்பாக அழுக்கு இருந்தது.

மணி மூன்றே முக்கால் ஆனது. ருக்மணி கரிக் கையோடு தரையில் உட்கார்ந்தாள்.

“ரொம்ப நல்லாத் தேச்சுப்போட்டனுங்க,” என்றாள்.