வாசலில் நின்றுவிட்ட பேச்சு

லிஃப்ட் நிறுவனத்தில் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர் ஒரு மாலை தன் வீட்டு வாசலில் நின்று சொன்ன பேச்சு, சொன்ன இடத்தைவிட்டுப் போகவில்லை. வாசல் கேட்டுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில், நடுத்தர உயரமுள்ள ஒருவரின் காது வரும் மட்டத்தில், அது அப்படியே நின்றது. அந்த இடத்தில் தலை நுழைந்தால் அவருடைய குரலிலேயே, அன்றைய களைப்போடும் நடுவில் வந்த ஓர் இருமலோடும், முழுதாகக் கேட்டது. ஒரு முழம் தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. குழந்தைகள் அதன் அடியில் ஓடி விளையாடினார்கள். உயரமானவர்கள் சற்றுக் குனிய வேண்டியிருந்தது. மழை அதைக் கரைக்கவில்லை, காற்று நகர்த்தவில்லை. ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ சத்தமாகப் பேசியிருக்கிறார்கள், அதெல்லாம் வந்த வழியே போய்விட்டது. இது மட்டும் நின்றது.

பேச்சு இதுதான்: “எங்க அண்ணன் தியாகியெல்லாம் இல்ல. போகமாட்டேன்னுதான் சொன்னான். அடிச்சு லாரியில ஏத்துனாங்க.”

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் நடந்த சண்டையில் செத்தவர்களின் பெயர்களை நாற்சந்தியில் ஒரு கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் பெயர் அதில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கல்லின் முன் கூட்டம் போடுவார்கள். அண்ணனின் மனைவியை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துப் பூங்கொத்து கொடுப்பார்கள். தம்பி மேடையேறி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குவார். பல ஆண்டுகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்த காரியம் இது. அந்த ஆண்டு கூட்டம் நடத்தும் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். லிஃப்ட்காரர் அன்று பாதி நாளை ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் கழித்திருந்தார். மேலே பெட்டிக்குள் சிக்கிய ஒரு பெரிய மனிதர் தனக்கு யாரையெல்லாம் தெரியும் என்று வேலை முடியும்வரை கத்திக்கொண்டே இருந்திருக்கிறார். வந்தவர்கள் இந்த முறை பேச்சில் கொஞ்சம் எழுச்சி வேண்டும் என்றார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினார் என்று ஒரு வரி சேர்த்தால் கேட்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும் என்றார்கள். அவர் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அந்தப் பேச்சைச் சொன்னார். கத்தவில்லை, கோபப்படவில்லை. சொல்லிவிட்டு உள்ளே குளிக்கப் போனார்.

ஜன்னலுக்குப் பின்னால் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கணவர் போனதிலிருந்து அவர் இவர்களோடுதான் இருந்தார். ஆள் பிடிக்க லாரி வந்த நாளில் வாசற்படியில் நின்றவரும் அவர்தான். மடித்த துணியை அலமாரியில் வைத்தார், அடுப்பை மூட்டினார், எல்லாருக்கும் பரிமாறினார். ஆனால் அன்றிலிருந்து மைத்துனரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை நகர்த்தி வைப்பார், குழம்பை ஊற்றுவார், போதுமா என்று கேட்கமாட்டார். அவர் கையை நீட்டி மறிக்கும்வரை ஊற்றிக்கொண்டே இருப்பார். பின்னால் என்னென்னவோ நடந்தது, லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் தாங்கினார். இந்தக் குழம்பைத்தான் தாங்க முடியவில்லை என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். அண்ணியைக் கேட்காமல் சொல்லிவிட்டோமே என்பதுதான் அவரைக் குடைந்தது. சொன்னது பொய்யா என்ற கேள்வியே அவருக்கு இல்லை.

மறுநாள் காலை பேப்பர் போடுபவர் முதலில் கேட்டார். மதியத்துக்குள் தெரு நிறைந்தது. மனம் புண்பட வேண்டும் என்றே பக்கத்துத் தெருக்களிலிருந்து வரிசையில் வந்து நின்று, தலையை நீட்டிக் கேட்டு, புண்பட்டுவிட்டுப் போனார்கள். சரியாகப் புண்படவில்லை என்று மறுநாளும் வந்தவர்கள் உண்டு. இருமியது வேண்டுமென்றே செய்த அவமரியாதை என்று ஒரு கட்சி உருவாயிற்று, இல்லை அது வெறும் சளிதான் என்று இன்னொன்று. பிள்ளைகளை அந்தச் சண்டைக்குக் கொடுத்தவர்களில் சிலர் கேட்டுவிட்டு வெகுநேரம் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நூலகத்தில் பேச்சுரிமை பற்றி ஒரு விவாதம் ஏற்பாடு செய்தார்கள். சர்ச்சைக்குரிய ஆள் என்பதால் லிஃப்ட்காரரை மட்டும் அழைக்கவில்லை.

பிறகு நிறுவனம் அவரைக் கூப்பிட்டது. லிஃப்ட் நிறுவனத்துக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சண்டைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் நிறுவனம் ஆளுக்கு ஒரு பழுப்புச் சட்டை கொடுத்திருந்தது. பையில் மேல்நோக்கி ஓர் அம்பும் கீழ்நோக்கி ஓர் அம்பும் தைத்த சட்டை, கிழிக்க முடியாத துணி. ஊழியர்கள் அதை வேலைக்கும் போடுவார்கள், கடைக்கும் போடுவார்கள், கல்யாணத்துக்கும் போடுவார்கள். முன்பொருமுறை மின்பணியாளர் ஒருவர் அந்தச் சட்டையோடு கால்பந்து மைதானத்தில் நடுவரின் பிறப்பைப் பற்றிப் பேசிவிட, அதிலிருந்து ஒரு விதி வந்தது. சட்டை உடம்பில் இருக்கும்வரை வாயும் நிறுவனத்துடையது. போதாக்குறைக்கு அந்த வீடும் நிறுவனக் குடியிருப்பு. வேலை போனால் வீடும் போகும்.

மேலாளருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் நிதானம். எதற்கெடுத்தாலும் நிதானமாகப் பேசலாம் என்பார், பேசி முடித்ததும் ஒருவருக்கு வேலை போயிருக்கும்.

“என்ன வேணா நினைங்க, அது உங்க சொந்த விஷயம். நிதானமா பேசலாம். ஆனா சட்டைய மாட்டிக்கிட்டு ஏன் சொன்னீங்க?”

“அப்பத்தான் வேலையிலேர்ந்து வந்தேன் சார். கழட்டுறதுக்குள்ள கேட்டுட்டாங்க.”

“கழட்டிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?”

“வெறும் உடம்போட வாசல்ல நின்னு செத்தவங்களப் பத்திப் பேசியிருந்தா, அதுக்கு வேற நோட்டீஸ் குடுத்திருப்பீங்க சார்.”

நிதானம் அதையும் குறித்துக்கொண்டார். கேன்டீனில் சக ஊழியர்கள் எல்லாரும் அவர் பக்கம்தான் இருந்தார்கள். சோற்றைப் பார்த்துக்கொண்டே, உதடு அசையாமல், நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்றார்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார்கள். அந்த மாதத்தைப் போல அந்தக் கட்டடத்தில் செருப்பு வார்கள் எப்போதும் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

நிறுவனம் ஒரு வழி சொன்னது. அதே இடத்தில், அதே சட்டையில் நின்று, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். சொல்ல வேண்டியதை அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். என்னுடைய கருத்தாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கக்கூடிய, உண்மையில் என் கருத்தல்லாத, நிறுவனத்தின் கருத்தாகவும் இல்லாத அந்தக் கருத்தினால் எவர் மனமேனும் புண்பட்டிருக்குமானால் என்று அது போய்க்கொண்டே இருந்தது. மகளுக்குப் பரீட்சை, தலைக்கு மேல் கூரை, அண்ணிக்குப் போக வேறு இடமில்லை. லிஃப்ட்காரர் சம்மதித்தார். தெருவே கூடி நின்று பார்க்க அதைச் சொன்னார். சொல்லி முடித்ததும் எல்லாப் பேச்சையும் போல அது கலைந்து போனது. பழைய பேச்சு இருமலோடு அங்கேயே இருந்தது. மனசார சொல்லவில்லை என்று இரண்டாம் முறை சொல்ல வைத்தார்கள். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார்கள். அப்போதும் அது அந்த இடத்தில் நிற்கவில்லை. அவர் மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“விட்டுருங்க சார். எங்கம்மா சமையல் நல்லாருக்கான்னு கேட்டதுக்கே இன்னும் பதில் சொல்லாத ஆளு இவரு. இவர்ட்டப் போயி...”

வேலை போயிற்று. குடும்பம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்குக் குடிபெயர்ந்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தில் மகள் படித்தாள். அண்ணி தன் பாயை அடுப்பங்கரை ஓரமாகப் போட்டுக்கொண்டார். லிஃப்ட்காரர் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கப் போனார், சொந்தச் சட்டையில். பேச்சு அவரோடு வரவில்லை. அது குடியிருப்பு வாசலிலேயே இருந்தது.

அந்த வீட்டுக்குக் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் குடிவந்தார். கேட்டைத் திறந்து உள்ளே போகும்போதெல்லாம் வேறொருவரின் அண்ணன் லாரியில் ஏற்றப்பட்டார். காய்கறிப் பையோடு வந்தாலும் அதுதான், காய்ச்சலோடு வந்தாலும் அதுதான். அவர் புகார் கொடுத்தார். நிறுவனம் மின்விசிறிகளை வைத்துப் பார்த்தது. தார்ப்பாய் கட்டியது. பிறகு அந்த இடத்தில் ஒரு சுவரே எழுப்பியது. பேச்சு சுவருக்குள்ளிருந்து இன்னும் தெளிவாக, சற்று எதிரொலியோடு வந்தது. சுவரை இடித்தார்கள். கடைசியில் சட்ட ஆலோசகரைக் கேட்டார்கள். நிறுவன இடத்தில் ஆட்சேபகரமான பேச்சு தொடர்ந்து நடக்கிறது, அதற்கு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் நடவடிக்கையை ஊழியர் மீதுதான் எடுக்க முடியும், பேசியவர் இப்போது ஊழியர் இல்லை என்றார் அவர். எனவே லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, ஒரு நாளைக்கு வேலையில் சேர்த்து, சட்டை கொடுத்து, நோட்டீஸ் கொடுத்து, சாயங்காலம் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலைநீக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு தணிக்கை வந்தபோது பேச்சு இன்னும் இருந்தது. திரும்பவும் சேர்த்தார்கள், திரும்பவும் நீக்கினார்கள். பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவரும் போவார், கையெழுத்துப் போடுவார், டீ குடிப்பார், வருவார். முதல் முறை, அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டதாக மகளிடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டாம் முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் கையை நீட்டி மறித்துக்கொண்டே இருந்தார்.

இப்படியே ஆண்டுகள் போயின. மகள் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். போகும்முன், சட்டை கொடுக்காத இடமாகப் பார்த்துச் சேர்ந்ததாகச் சொன்னாள். கல்லின் முன் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. அண்ணிக்கு முன்வரிசை நாற்காலியும் நிற்கவில்லை. கமிட்டிக்காரர்கள் கார் அனுப்பிக் கூட்டிப்போவார்கள், கொண்டுவந்து விடுவார்கள். மைத்துனர் மேடையில் இல்லாததால் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு ஆட்கள் பேசினார்கள். ஓர் ஆண்டு, அண்ணனைப் பார்த்தே இராத ஓர் இளைஞர் மைக்கைப் பிடித்து, அவர் சிரித்துக்கொண்டே லாரியில் ஏறினார், மனைவியைப் பார்த்துக் கையசைத்தார் என்று பேசினார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் இருந்தவர்கள் அண்ணியின் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். அவர் பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் பழைய தெருவில் காரை நிறுத்தச் சொன்னார். குடியிருப்பின் கேட்டைத் திறந்துகொண்டு போய், குழாய்க்கு முன்னால் நின்றார். அவர் குள்ளம். குழாய்த் திட்டில் ஏறி நின்ற பிறகுதான் காது அந்த மட்டத்துக்கு வந்தது. கணக்குப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கார் ஓட்டியவர் பிறகு சொன்னபடி, அந்த அம்மாள் வெகுநேரம் அசையாமல் நின்றார். பேச்சு முடிந்து, மறுபடி தொடங்கி, மறுபடி முடிந்தது. பிறகு அவர் வாயைத் திறந்தார்.

“ஆமா. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்.”

அதுவும் நின்றுவிட்டது. முதலாவது பேச்சு முடிந்ததும் ஒரு மூச்சு விடும் நேரம், அதன் பிறகு இரண்டாவது. பூங்கொத்தைத் திட்டின் மேலேயே விட்டுவிட்டு, கார் வேண்டாம் என்று சொல்லி, அவர் சைக்கிள் கடைவரை நடந்தே வந்தார்.

செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. லிஃப்ட்காரர் படியில் உட்கார்ந்திருந்தார், எழுந்து வழிவிட்டார். அண்ணி ஏறவில்லை. அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

“உங்க அண்ணனுக்கு லாரின்னாலே வாந்தி வரும், தம்பி,” என்றார். “தக்காளி ஏத்திட்டுப் போற லாரியில கூட ஏறமாட்டாரு. அவரைப் போயி...”

“எனக்குத் தெரியாது அண்ணி.”

“உங்களுக்கு எப்படித் தெரியும். அப்ப நீங்க சின்னப் பையன்.”

அண்ணன் எப்படித் தூங்குவார், எதற்கெல்லாம் பயப்படுவார், எந்தப் பாட்டை எப்போதும் தப்பாகப் பாடுவார் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சைக்கிள் கடைக்காரர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டு, வெகுநேரம் கழித்துத்தான் கடையை மூடினார். லிஃப்ட்காரரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, படியில் மேலே ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். அம்மா, நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று அண்ணியைக் கேட்டார். எங்கேயும் இல்லை என்றார். மேலதிகாரி யார் என்று கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றார். யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டுமே, யாரிடம் புகார் சொல்வது என்று அந்த ஆள் உண்மையிலேயே கவலைப்பட்டார். அண்ணி அவருக்கு உட்கார முக்காலி எடுத்துப் போட்டார். கமிட்டி மட்டும் தன்னால் ஆனதைச் செய்தது. அடுத்த ஆண்டு முன்வரிசையில் அவருடைய நாற்காலி இல்லை. அன்றைக்கு அவர் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். நிறுவனம் லிஃப்ட்காரரைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் நிறுத்திக்கொண்டது. ஒருவருக்கு நோட்டீஸ் கொடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் விட்டால் பாரபட்சமாகிவிடும் என்றாராம் சட்ட ஆலோசகர்.

குடியிருப்பைப் பிற்பாடு விற்றுவிட்டார்கள். இப்போது அது ஒரு தரகர் கையில் இருக்கிறது. வீடு பார்க்க வருபவர்களிடம் அவர் எதையும் மறைப்பதில்லை. தண்ணீர் காலையில் மட்டும் வரும், பின்பக்க அறையில் வெயில் அதிகம், வாசலில் இரண்டு பேர் பேசுவார்கள் என்று ஒரே மூச்சில் சொல்வார். பெரும்பாலானவர்கள் தண்ணீரைப் பற்றித்தான் மறுபடி கேட்கிறார்கள்.