துளையின் பூர்வீகம்

ஏலக் கம்பெனியின் நிபுணர் பூஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியிலிருந்த துளையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு, பிரசவ அறையிலிருந்து வெளியே வரும் டாக்டரைப் போல நிமிர்ந்தார்.

"சீனத்துப் பீங்கான். இந்தப் பச்சை மெருகைப் பாருங்க, இருநூறு வருஷமாவது இருக்கும். அருங்காட்சியகத் தரம். துளை மட்டும் பிற்பாடு போட்டது. ஏதோ ஒரு தூதர் பங்களாவுல விளக்காக்கி வெச்சிருக்காங்க. இந்தக் கைநுணுக்கம் இப்ப யாருக்கும் வராது."

எதிரே உட்கார்ந்திருந்த வயர்மேனுக்குத் தொழிலில் கிடைத்த முதல் பாராட்டு அது. முப்பத்தெட்டு வருஷம் ஊரார் வீட்டுச் சுவர்களைக் குடைந்து வயர் இழுத்தவர். விளக்கு எரிந்தால் யாரும் அவரை நினைப்பதில்லை, அணைந்தால்தான் நினைப்பார்கள்.

"அது நான் போட்ட ஓட்டைங்க" என்றார் கூச்சத்தோடு.

நிபுணரின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் இருந்தவர் மட்டும் எழுந்து போய்விட்டார்.

வயர்மேன் சொன்னார். வீடு மாற்றிக்கொண்டு போன ஒருவர், மூட்டை கட்டச் சோம்பல்பட்டு அவரிடம் தள்ளிவிட்ட ஜாடி அது. மனைவிக்குப் படுக்கையில் கதைப்புத்தகம் படிக்காவிட்டால் தூக்கம் வராது. அவள் தலைமாட்டுக்கு அதை விளக்காக்க, ஒரு லீவு நாளில் அவள் ஜாடிக்கு ஈரத்துணி சுற்றிக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, இவர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, கையால் சுற்றும் டிரில்லால் இரண்டு மணி நேரம் குடைந்தார்.

"என் நாக்கு வெளிய தொங்குதுன்னு அவ சிரிச்சுட்டா. அதான் ஓட்டை நட்டநடுவுல இல்லாம கொஞ்சம் ஒதுங்கியிருக்கு, பாருங்க."

நிபுணர் பார்க்கவில்லை. "ஆதாரம் இருக்கா? ஃபோட்டோ, சாட்சி, ஏதாவது?"

"பிடிச்சுக்கிட்டவதாங்க சாட்சி. அவ போய் நாலு வருஷம் ஆச்சு."

"அப்ப சிரமம்."

"தூதர் பங்களாவுக்கு ஆதாரம் இருக்குங்களா?"

"அது என் அபிப்பிராயம்" என்றார் நிபுணர், ஆதாரத்தைவிட அது இரண்டு படி உசத்தி என்கிற தோரணையில்.

வயர்மேன் மகனுக்குப் போன் போட்டார். வெளிநாட்டில் இருந்தபடியே ஜாடியின் படத்தை அனுப்பி, இந்தச் சந்திப்புக்கு நேரம் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

"நம்ம வீட்ல ஜாடி விளக்கு ஒண்ணு இருந்துச்சே, அம்மா தலைமாட்டுல. ஞாபகம் இருக்காப்பா?"

"விளக்கா? தெரியலையேப்பா. நான் ஹாஸ்டல்ல இல்ல இருந்தேன்? அவங்க காட்டுற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. மீட்டிங்ல இருக்கேன்."

நிபுணர் பூர்வீகப் படிவத்தை நீட்டினார். 'தூதர் குடும்பமொன்றின் சேகரிப்பு. பின்னர் ஒரு கனவான் வசம்.' கனவான் யாரென்று வயர்மேனுக்குப் பிடிபடச் சற்று நேரமாயிற்று. சட்டைக் காலரை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். படிவத்தில் தூதர் இருந்தார், தூதரின் குடும்பம் இருந்தது. ஜாடியைப் பிடித்துக்கொண்டவள் இல்லை. அவள் அன்றைக்குச் சிரித்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருப்பது துளையின் அந்தக் கோணல் ஒன்றுதான். கையெழுத்துப் போட்டால் அதுவும் தூதர் வீட்டுச் சொத்தாகிவிடும்.

அவர் அந்த வரியை அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'துளை போட்டது நான். பிடித்துக்கொண்டது என் மனைவி.' கையெழுத்தும் போட்டார்.

நிபுணர் படித்தார். ஜாடியை ஒரு விரலால் அவர் பக்கம் நகர்த்தினார். "இதெல்லாம் வீட்ல வெச்சுக்கத்தான் நல்லாயிருக்கும்" என்றார். அருங்காட்சியகத் தரம் அடுக்களைத் தரமாகக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பஸ்ஸில் கூட்டமில்லை. வயர்மேன் ஜாடியை ஜன்னலோரம் வைத்து, பக்கத்தில் அணைவாக உட்கார்ந்தார்.

கண்டக்டர் வந்தார். "பெரியவரே, பானையை மடியில வெச்சுக்குங்க. சீட்டுல வெச்சா அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

"ரெண்டு குடுங்க" என்றார் வயர்மேன்.

பஸ்ஸில் அந்த வார்த்தையைச் சொல்லி வெகுநாளாகியிருந்தது. கண்டக்டர் கேட்காமலேயே இன்னொரு முறை சொன்னார்.