நாற்பத்தொரு நாள் கூலியும் ஒரு செல்லாத ஓட்டும்

இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பத்தைந்து ரூபாய், நாற்பத்தொரு நாள், நாளுக்கு ஐம்பத்தைந்து, பெருக்கிப் பார்த்தாலும் அதுதான், விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாலும் அதுதான், ஐந்து வருஷமாக ஒரு ரூபாய் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை... வரிசை இன்னும் நகரவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவுக்கும் ஆராயிக்கும் நடுவில் பதினாறு பேர் நிற்கிறார்கள், எண்ணியாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் வெந்து வெடித்த பாதம் சிமெண்டுத் தரையில் எரிகிறது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறாள். அந்தப் பக்கம், போலீஸ்காரர் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் கலியன் நிற்கிறான், தேவநாதன் அய்யாவின் உப்பளத்துக் கணக்குப்பிள்ளை, சட்டைப் பையில் அந்தப் பணத்தோடு. நேற்றுச் சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனான். ஓட்டைப் போட்டுட்டு நேரா என்கிட்ட வா, என் மூஞ்சியப் பாத்து அய்யாவோட சாவிச் சின்னத்துலதான் குத்துனேன்னு சொல்லு, பாக்கிய வாங்கிக்கினு போ, இந்தத் தபா கையெழுத்து கிய்யெழுத்துன்னு எதையும் வெச்சுடாத, அய்யாவுக்கு இதான் கடைசி எலெக்‌ஷன்... கட்டிலில் கிடந்த அப்பாதுரை, அவள் புருஷன், கால் புண்ணில் ஈ ஓட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். அவனுக்கென்ன, அவனா குத்தப் போகிறான். ஆனால் மழை தொடங்கிவிட்டது, பாத்தியெல்லாம் தண்ணீர், இனி தை பிறக்கிறவரை உப்பளத்தில் ஒரு நாள் வேலை கிடையாது. அந்தப் பணம் வந்தால் மூன்று மாசத்து அரிசி. வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்று அவள் யோசிக்கவில்லை, யோசித்தால் கால் இன்னும் எரியும்.

பின்னால் நின்ற விருத்தாம்பாள் முதுகில் விரலால் குத்தினாள். "யக்கா, உள்ள போயி எம்பேரையும் சேத்து எழுதிடு யக்கா, எனக்குத்தான் எழுத வராதே." வரிசை முழுக்கச் சிரிப்பு. ஆராயியும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் இரண்டு பேர் சொல்வார்கள், ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட பாடம். ஊரில் அவளுக்குப் பெயரே கையெழுத்தம்மா என்று ஆகிவிட்டது, உப்புக்கூடை தூக்கிவிடுகிறவன்கூட ஒரு கையெழுத்துப் போட்டுட்டு தூக்கு தாயி என்கிறான். போன தலைவர் தேர்தலில் அவள் பூட்டு சாவியில்தான் குத்தினாள், தேவநாதனுக்குத்தான், குத்திவிட்டு அதற்குக் கீழே ஆராயி என்று கையெழுத்தும் போட்டுவிட்டாள். எண்ணுகிற இடத்தில் அதை விரித்துப் பிடித்தார்களாம், அதிகாரி செல்லாது என்றாராம், ஏஜெண்டுகள் எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். கடைசியில் எதிர்த்து நின்ற கடைக்காரர் கலியபெருமாளுக்கு அறுநூற்றுப் பதினொன்று, தேவநாதனுக்கு அறுநூற்றுப் பத்து. ஒரு ஓட்டு. வயசான பிறகு படித்தவள், பாவம், எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறாள் என்று ஊர் சொன்னது, அவளும் ஆமாம் என்றாள், ஆமாம் என்று சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததாகவும் ஆகிவிட்டது. தேவநாதன் எல்லா ஆளுக்கும் நிறுத்தி வைத்திருந்த கூலியைக் கொடுத்தார், அவளுக்கு மட்டும் இல்லை. அந்த ஓட்டுக்கும் இந்தக் கூலிக்கும் நேராப் போச்சுன்னு சொல்லிட்டாரு என்றான் கலியன். நேரா? அவள் ஓட்டு செல்லுபடியாகியிருந்தால்கூட அறுநூற்றுப் பதினொன்றும் அறுநூற்றுப் பதினொன்றும் சரிசமம்தான், சீட்டுக் குலுக்கித்தான் பார்த்திருப்பார்கள், அதில் இவர் பெயரே வந்திருக்கும் என்று யார் கண்டது... பார்க்கப்போனால் அவள் அரை ஓட்டுக்குத்தான் கடன்காரி. அரை ஓட்டுக்கு நாற்பத்தொரு நாளா?

பன்னிரண்டு பேர். நகர்கிறது. மனுஷன் எத்தனை தேர்தலில் நின்றார் என்று அவளைக் கேட்டால் சொல்வாள், வேறு எதை வைத்து அவள் வருஷத்தை எண்ணினாள்? எண்பத்தொன்பதில் முதல் தடவை நின்று தோற்றார், அந்த வருஷம்தான் மகள் பிறந்தாள். தொண்ணூற்றொன்றில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார், வெள்ளை ஜீப்பில் அளத்து வரப்புவரை வந்தார். தொண்ணூற்றாறில் தோற்றார். இரண்டாயிரத்து ஒன்றில் கட்சியே சீட்டு இல்லை என்றது, அந்த வீம்புக்கு அதே வருஷம் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார், அதில்தான் ஒரு ஓட்டு. இந்த மே மாசம் சுயேச்சையாக எம்.எல்.ஏ.வுக்கு நின்றார், கட்டின பணம் போயிற்று. கோட்டையில் உட்கார்ந்த ஆள் இப்போது தெருக்குழாய்க்கும் சாக்கடைக்கும் ஓட்டுக் கேட்டுக் குனிந்து குனிந்து வருகிறார்... ஜீப்பில் வந்த காலத்தில் அறிவொளி வகுப்பைத் திறந்து வைக்க வந்தாரே, கரும்பலகையில் பெரிசாக ஒரு அ எழுதிவிட்டு, கையில் ஒட்டின சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, மாலையோடு போய்விட்டார். பாடம் சொன்னது லூர்துமேரி டீச்சர். நாள் முழுக்க உப்பு வாரிவிட்டு வந்து உட்கார்ந்தால் விரல் மடங்காது, சிலேட்டுக்குச்சி நழுவும். அவர் எழுதின அ இருக்குது பாருங்க, அதுக்கு ஒரு வால் இழுத்தா ஆ, உங்க பேரு அங்கதான் தொடங்குதுன்னு டீச்சர் சொன்னாள். முப்பத்தாறு வயசில் தன் பெயர் தொடங்குகிற இடத்தைப் பார்த்தாள் ஆராயி. அதற்கு முன்னால் எங்கே இருந்தது அந்தப் பெயர்? கலியனின் நோட்டில் அவள் பெண் ஆள், அவ்வளவுதான், பெண் ஆள் பதினான்கு என்றால் அந்தப் பதினான்கில் ஒன்று.

எட்டுப் பேர். கோட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது, தேவநாதன் இறங்கினார். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது, ஆள் இளைத்துவிட்டார். வரிசையைப் பார்த்துப் பொதுவாகக் கும்பிட்டார், பார்வை ஒவ்வொரு முகமாக வந்து அவளிடம் நின்றது. "என்ன ஆராயி, சௌக்கியமா?" என்றார், சத்தம் போடாமல், கூப்பிய கையை இறக்காமல். வரிசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. நல்லா இருக்கேங்க என்றாள், காலை மாற்றி நின்றாள். பதினெட்டு வருஷம் அவர் அளத்தில் கூடை தூக்கியிருக்கிறாள், ஒரு நாள், ஒரே ஒரு நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை, ஏ பொம்பள, அந்தாண்ட கொட்டு, அதுதான். இப்போது எப்படித் தெரிந்தது? எப்படியா... அந்தச் சீட்டிலிருந்துதான். அறுநூற்றுப் பத்து ஓட்டும் யாருடையது என்று அவருக்குத் தெரியாது, விழாத ஒன்று மட்டும் யாருடையது என்று தெரியும். ஐந்து வருஷமாக எத்தனை தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்திருப்பார். அதை நினைத்தபோது பயம்தான் வரவேண்டும், பயமும் வந்தது, அதற்குள்ளே இன்னொன்றும் வந்தது, அதை என்னவென்று சொல்வது, லூர்துமேரி டீச்சர் சிலேட்டைப் பார்த்துத் தலையசைத்தபோது வந்ததே, அது மாதிரி... சீ, இதற்கு ஒரு சந்தோஷமா?

உள்ளே புழுக்கம். அதிகாரி பெயரைக் கூப்பிட்டார், ஏஜெண்டுகள் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள், ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். இடது கை விரலில் மை வைத்தார்கள். அதிகாரி சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையை நீட்டி, அவள் கையைப் பார்த்து, ரேகை வைக்கும் மை டப்பாவை முன்னால் தள்ளினார். "கையெழுத்துப் போடுவேன் சார்." அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் பேனாவைத் தந்தார். போட்டாள். ஆ-வின் வாலைக் கொஞ்சம் நீட்டி இழுத்தாள். எழுதி முடித்ததும் அவர் கையை நீட்டிப் பேனாவைத் திரும்ப வாங்கித் தன் பையில் செருகிக்கொண்டார். நாலு கலரில் நாலு சீட்டு, ஒரு ரப்பர் முத்திரை. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனாள். தலைவருக்கு ரோஸ் சீட்டு. மேலே கலியபெருமாளின் ரோடு ரோலர், அதற்குக் கீழே பூட்டு சாவி. மேசையில் மைப்பெட்டி இருக்கிறது. வேறு எதுவும் இல்லை.

வேறு எதுவும் இல்லை... முத்திரை கையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கும் இதே அறைதான், இதே மேசைதான், அதிகாரி அன்றைக்கும் பேனாவைத் திரும்ப வாங்கித்தானே வைத்துக்கொண்டார். அப்படியென்றால் எழுதினது எதால்? அன்றைக்கு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து எடுத்தாள். நீலப் பேனா, வகுப்பு முடிந்தபோது டீச்சர் பரிசாகத் தந்தது, அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தது. அன்று காலையில் பானைக்குள் கையை விட்டு அதை எடுத்து மாருக்குள் செருகிக்கொண்டுதான் கிளம்பினாள். எதற்கு? இந்த அஞ்சு வருஷத்தில் எத்தனை பேர் சிரித்தார்கள், ஒருத்தராவது பேனா எங்கேயிருந்து வந்தது என்று கேட்டார்களா, அவளே கேட்டாளா? டீச்சர் செய்தித்தாளைக் கிழித்து ஓட்டுச் சீட்டு மாதிரி மடித்துப் பழக்கியபோது சொல்லவில்லையா, பேரு எழுதினா செல்லாதுன்னு, இரண்டு தடவை சொன்னாளே. கையெழுத்துப் போட்டால்தான் கூலி, அளத்தில் அதுதானே வழக்கம், இது என் ஓட்டுன்னு அவருக்குத் தெரிஞ்சா பாக்கியக் கொடுத்துடுவார் என்று போட்டாளா? இல்லை... அதற்கு முந்தின நாள் கூலி கேட்டுப் போய் நின்றபோது, பொம்பள ஆளுங்கதானே, அதுங்க எங்க போயிடும், அப்புறம் பாத்துக்கலாம் என்று அவர் முகத்தைத் திருப்பாமலே கலியனிடம் சொன்னார். அது காதில் விழுந்தது. விழுந்த கையோடு வீட்டுக்கு வந்து அன்று சோறு தின்னவில்லை. எது முதலில் வந்தது, கூலியா, அந்தக் கோபமா? இரண்டும் ஒரே பேனாவைத்தானா எடுத்தது? "என்னம்மா, ஆச்சா?" என்றார் அதிகாரி. முத்திரையை மையில் அழுத்தினாள், குத்தினாள். எதில் என்பது அவளுக்கும் அந்த அட்டைக்கும் மட்டும்தான் தெரியும், அவள் வாழ்க்கையில் யாருக்கும் தெரியாத முதல் ஓட்டு அது. சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் போட்டாள்.

தேவநாதன் ஆட்டோவில் அடுத்த தெருவுக்குப் போயிருந்தார். வேப்பமரத்தடியில் கலியன் மட்டும். அவள் முகத்தை மேலும் கீழும் பார்த்தான். சாவியில்தானே என்று அவன் கேட்டதற்கு, ஓட்ட வெளிய சொன்னா செல்லாதுன்னு டீச்சர் சொல்லியிருக்குது, எத்தனை தபா செல்லாம பண்றது என்றாள். அவன் அதற்குள் பணத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிட்டிருந்தான். பின்னாலேயே விருத்தாம்பாளும் நாலைந்து பேரும் வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் பணத்தைத் திரும்பப் பையில் வைக்க அவனால் முடியவில்லை, ஓட்டு முடிய இன்னும் அரைநாள் இருக்கிறது, வரிசையில் இன்னும் அளத்து ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணிக் கொடுத்தான். அவளும் எண்ணினாள். பழைய நோட்டைப் பிரித்தான், பெண் ஆள் என்ற வரியில் விரலை வைத்தான்.

"உள்ள கையெழுத்துப் போடலியே?"

"பேனா இல்லியே."

கலியன் சத்தமாகச் சிரித்தான், சிரித்துக்கொண்டே தன் பேனாவை நீட்டினான், நீட்டின கை பாதியில் நின்றது, சிரிப்பும் நின்றது. "அன்னிக்கி மட்டும் ஏது ஆராயி பேனா?"

"மொதல்ல பைசல்னு எழுது" என்றாள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே எழுதினான். நோட்டைத் தன் பக்கம் திருப்பி எழுத்துக் கூட்டிப் படித்தாள், பை, ச, ல். பேனாவை வாங்கி அதற்குக் கீழே தன் பெயரைப் போட்டாள், திருப்பிக் கொடுத்தாள், பணத்தை முந்தானையில் முடிந்தாள். அவன் இன்னும் பதிலுக்குத்தான் நின்றுகொண்டிருந்தான். தூறல் விழுந்தது. பேனா ஏதென்றால் சொல்லிவிடலாம், எதற்கென்றால் அந்தப் பதில் அவளுக்கும் தெரிந்தால் தேவலை.