செல்லாத சீர்

சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகளின் தட்டருகே சண்முகவள்ளி பணப்பையைத் தொப்பென்று போட்டாள்.

"ஒங்கப்பன் குடுத்த காயிதம். எடுத்துட்டுப் போயிப் புது நோட்டா மாத்திட்டு வா. இல்லைன்னா நீயும் அங்கனயே இருந்துக்க."

அறிவுச்செல்வி தட்டை நகர்த்தி வைத்தாள். ஆவணியில் கல்யாணம். நிலக்கோட்டையில் கிணற்றடிப் பூந்தோட்டத்தை விற்று அப்பா கொடுத்த இரண்டு லட்சம் அது. வங்கியில் போட்டால் கணக்குக் கேட்பார்கள் என்று மாமியார்தான் அரிசி டிரம்முக்குள் பதுக்கி வைத்தாள். ஐப்பசியில் அரசாங்கம் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றது.

"அவரு குடுத்தப்ப செல்லுன நோட்டுதானே அத்தே?"

"வாயப் பாரு."

அப்பாவுக்குப் போன் போட்டாள். கண்ணுசாமியின் குரல் நைந்திருந்தது. "பூ மார்க்கெட்டே படுத்துக் கெடக்கு தாயி. எடுக்குறவன் பூராம் கடன்தான் சொல்றான். நான் எங்கிட்டுப் போயி மாத்துவேன்?"

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் அவள் கணவன் முகேஷ்குமார் ஒரு வழி கண்டுபிடித்தான். அவனுக்கு நாகல் நகரில் பெயின்ட் கடை. கணக்கில் காட்டாத கடைப்பணத்தைத் தன் பேரிலும் அம்மா பேரிலும் போட்டு, அதற்குமேல் போடப் பயந்துகொண்டிருந்தான்.

"ஒனக்கு ஸ்காலர்ஷிப் கணக்கு இருக்குல்ல, அதுல போட்டுரு. ரெண்டரை லட்சம் வரைக்கும் கேக்க மாட்டாங்களாம்."

வெயிலில் அரைநாள் நின்றாள். முன்னால் நின்ற கிழவர் மயங்கி விழுந்ததும் வரிசை ஓரடி நகர்ந்தது, அவ்வளவுதான். கவுன்டரில் இருந்தவர் நிமிராமலே கேட்டார்: "யாரு பணம்மா?"

கணவன் சொல்லித் தந்த பதில் வேறு. ஆனால் அவள் வாயில் வந்தது இதுதான்: "எங்கப்பா எனக்குக் குடுத்தது."

சொன்ன பிறகுதான் அது உண்மையாகக்கூட இருக்கலாமே என்று தோன்றியது. வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

மாசிக் கடைசியில் பணம் எடுக்க இருந்த கட்டுப்பாடெல்லாம் நீங்கியது. அன்றைக்கே முகேஷ்குமார் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பிக்கொண்டு வந்தான். "கையெழுத்துப் போடு."

"அது எங்கப்பா எனக்குக் குடுத்ததுன்னு சொல்லித்தான் போட்டேன்."

"எங்களுக்குக் குடுத்த பணம்டி அது."

"எதுக்குக் குடுத்தாரு? அத ஒரு பேப்பர்ல எழுதி நீங்க கையெழுத்துப் போடுங்க. நானும் போடுறேன்."

அவன் பேனாவை விரல்களில் உருட்டினான். எதையும் எழுதவில்லை.

"ஏலே, அவகிட்ட என்னடா பேச்சு? இவ எடுத்த எடுப்ப ஊரக் கூட்டிச் சொல்றேன்" என்று சண்முகவள்ளி தலையை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். எதிர்வீட்டு ரோசலின் டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு சண்முகவள்ளியின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, எதுவும் தொலைஞ்சு போச்சா?"

சண்முகவள்ளி வாயைத் திறந்தாள். மண்டபத்தில் நூறு பேர் பார்க்கத் தாம்பாளத்தில் வைத்து வாங்கிய பணம். இன்று அதன் பேரைச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை.

"ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா காத்து வாங்க வந்தேன்."

உள்ளே அறிவுச்செல்வி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாப்பா, என் பேர்லதான் இருக்கு. அந்தத் தோட்டத்த வாங்குனவரு திருப்பிக் குடுப்பாரான்னு கேளுங்க."

குரலை அவள் தாழ்த்தவில்லை.