பதினேழாவது சமன்பாடு

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குத் ‘திரவம்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் திரவங்களை ஆராய்கிறவர், ஆனால் ஒரு சொட்டைக்கூடத் தொட்டதில்லை. கரும்பலகை, சுண்ணக்கட்டி, முனகுகிற ஒரு கணினி, அவ்வளவுதான் அவர் ஆயுதங்கள். இதைப் பிறருக்குப் புரியவைக்கத் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டார். மூன்றாம் மாடிக் கழிப்பறையில் குழாய் ஒழுகினால் இன்னமும் அவர் கதவைத்தான் தட்டினார்கள்.

அவருடைய திரவம் உலகத்தில் எங்கும் கிடைக்காது. வெறும் குண்டுகள். ஈர்க்காது, ஒட்டாது, இடித்தால் விலகும். அந்த நெரிசலில் ஒரு குண்டைச் சுற்றிச் சராசரியாக எத்தனை குண்டுகள் நிற்கும் என்று கணக்கால் சொல்லிவிட்டால், நிஜத் திரவங்களின் பாதி ரகசியம் கைக்கு வந்துவிடும் என்பது அவர் கட்சி.

“குண்டு குண்டோட இடிக்குதுன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்றீங்க. இந்நேரம் பொடியாகியிருக்கணுமே?” என்பாள் பல் மருத்துவரான மனைவி.

இந்த நிலையில்தான் ஓலை வந்தது. அவர் ஒருவரை மட்டுமே கொண்ட திரவக் கோட்பாட்டுப் பிரிவை ஒரு குழு மதிப்பிடும். பயன் இல்லை என்று தெரிந்தால் அவர் அறை ‘புத்தாக்கச் சிந்தனைக் கூடம்’ ஆகும். அவர் தண்ணீர் பரிசோதனைப் பிரிவுக்குப் போய்ப் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டலாம். ‘இரண்டும் ஒரே துறைதானே’ என்று ஓரத்தில் இயக்குநர் கைப்பட எழுதியிருந்தார். கீழே ஒரு குறிப்பு: ‘ஆராயும் திரவத்தின் மாதிரியைக் கொண்டுவரவும்.’

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து வரும் நிபுணரின் பெயரைப் பார்த்ததும்தான் திரவம் கொதித்தார். தசமம்!

தசமம் என்பது திரவம் வைத்த பட்டப்பெயர், ஆள் வேறொரு ஊர்ப் பேராசிரியர். பத்தொன்பது வருடத்துக்கு முன் திரவம் தன் பதினேழாவது சமன்பாட்டில் ஓர் உறுப்பைச் ‘சிறியது, விட்டுவிடலாம்’ என்று விட்டிருந்தார். அதை விட்டால் விடையின் மூன்றாவது தசமம் மாறிவிடும் என்று அந்த மனிதர் மறுப்புக் கட்டுரை எழுதினார். இவர் மறுப்புக்கு மறுப்பு எழுதினார். அன்று பிடித்த சனி. நேரில் இருவரும் பார்த்துக்கொண்டதில்லை. அந்தக் கட்டுரைகளை முழுதாகப் படித்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அவர்களும் திட்டுவதற்காகப் படித்தவர்கள்.

“அந்த ஆளையா கூப்பிட்டிருக்காங்க? வேற ஆளே கிடைக்கலையா?” என்றாள் மனைவி.

“வேற ஆளே இல்லம்மா.”

மாதிரிக்கு அவளே வழி செய்தாள். கிளினிக்கின் மீன்தொட்டி அடியில் கிடந்த நாற்பது கண்ணாடிக் குண்டுகளைக் கழுவி ஒரு ஜாடியில் போட்டுக் கொடுத்தாள். “பத்திரம். மீனுங்க தேடும்.”

குழுவில் மூன்று பேர். இயக்குநர் ஒரு காலத்தில் படிகங்களை ஆராய்ந்தவர், இப்போது திறப்பு விழாக்களோடு சரி. பக்கத்தில் ஒரு பெயின்ட் கம்பெனி அதிபர். ஓரத்தில், காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். அவர் முன்னால் இருந்த திரவத்தின் கட்டுரைகள் சிவப்பு மையில் ரத்தக்களரியாகக் கிடந்தன.

“காலம் பாயுது. நாமும் பாயணும். எங்க உங்க திரவம்?” என்றார் இயக்குநர்.

திரவம் ஜாடியை வைத்தார்.

“இது குண்டாச்சே! திடப்பொருள்!”

“ஒவ்வொண்ணும் திடம்தான் சார். கூட்டமா குலுக்கினா திரவம் மாதிரி நடந்துக்கும்.” குலுக்கிக் காட்டினார். கலகலவென்று சத்தம் வந்தது. யாருக்கும் ஞானம் வரவில்லை.

“இதைச் சுவத்துல பூசலாமா?” என்றார் பெயின்ட் அதிபர்.

“முடியாது சார்.”

“அப்ப எதுக்கு?”

இயக்குநர் மலர்ந்த முகத்தோடு நிபுணர் பக்கம் திரும்பினார். தசமம் தொண்டையைச் செருமினார். “இவர் கணக்கு தப்பு. பதினேழாவது சமன்பாட்டுல ஒரு உறுப்பை முழுங்கிட்டார்.”

“முழுங்கலை. சின்னது, விட்டேன்.”

“மூணாவது தசமம் உங்களுக்குச் சின்னதா?”

“சின்னதுதான்யா! சின்னதைச் சின்னதுன்னுதான் சொல்லுவாங்க!”

இருவரும் எழுந்தார்கள். ‘புத்தாக்கம் நமது மூச்சு’ என்று எழுதியிருந்த பலகையை அழித்துவிட்டுச் சமன்பாடுகள் ஏறின. யார் முழங்கை பட்டதோ, ஜாடி கவிழ்ந்து குண்டுகள் நாலாபக்கமும் ஓடின. பெயின்ட் அதிபர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார். இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

“ஆக, தப்பு. மூடிடலாம்” என்றார் இயக்குநர்.

தசமம் சுண்ணக்கட்டியோடு திரும்பினார். “மூடறதா? யார் சொன்னா? உங்க நிலையத்தோட பேர்ல ஒரு தப்பு அச்சாகியிருக்கு. அதைத் திருத்தாம மூடினா, நாளைக்கு ஒருத்தன் படிச்சுட்டு, மூடின இயக்குநர் யாருன்னுதான் கேப்பான்.”

இயக்குநரின் மலர்ச்சி வாடியது. “இதையெல்லாம் யாராவது படிப்பாங்களா?”

“நான் படிப்பேன்.”

தீர்மானம் எழுதப்பட்டது. பிழை முழுவதும் திருத்தப்படும்வரை பிரிவு நீடிக்கும். கீழே ஒரு வரி: ‘பதினேழாவது சமன்பாடு தவறு என ஒப்புக்கொள்கிறேன்.’ அங்கே திரவம் கையெழுத்துப் போட வேண்டும்.

அவருக்குக் கை வரவில்லை. ஒரு பக்கம் பத்தொன்பது வருட மானம், மறுபக்கம் சீட்டு ஒட்டாத பாட்டில்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ‘தவறு’க்கு முன்னால் ‘சிறிய’ என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். தசமம் காதிலிருந்த பென்சிலை எடுத்து ‘சிறிய’வை அடித்தார். திரவம் மறுபடி எழுதினார்.

“போதும்யா!” என்று அலறினார் இயக்குநர்.

தசமம் போகாமல் பின்னாலேயே திரவத்தின் அறைக்கு வந்தார். கேட்காமலே கரும்பலகையில் அந்த உறுப்பைச் சேர்த்துப் போட்டார். கணினி அரை மணி நேரம் முனகியது. பிறகு மூன்றாவது தசமம், கணினி குண்டுகளை உருட்டிப் பார்த்துச் சொன்ன விடையோடு அச்சாகப் பொருந்தி வந்தது.

திரவம் அந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். இந்த ஆள் சொன்னது உண்மை. அது போதாதென்று, பிழை திருந்திவிட்டது, அறை போயிற்று. சாயங்காலத்துக்குள் வேலை போகும்படி உதவிய முதல் நண்பர் இவராகத்தான் இருப்பார்.

தசமம் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா நாலாவது தசமம் உதைக்குதே.”

“எங்க?”

“இருபத்தொண்ணாவது சமன்பாடு. அங்கயும் ஒண்ணை முழுங்கியிருக்கீங்க.”

“அது நிஜமாவே சின்னதுய்யா!” என்று திரவம் கத்தினார். யார்மேலும் அவர் இத்தனை நிம்மதியாக எரிந்து விழுந்ததில்லை.

வீட்டில் மனைவி முழுக்கதையையும் கேட்டாள். “தப்புன்னு கையெழுத்தே போட்டீங்களா? எனக்கு ஒரு நாளும் போட்டதில்லையே.” ஜாடியைக் கவிழ்த்து எண்ணினாள். “முப்பத்தெட்டுதான் இருக்கு.”

மீதி இரண்டும் இயக்குநரின் நாற்காலிக்கு அடியில் இருக்கும்.

“ரெண்டுதானேம்மா,” என்றார் திரவம். “சின்னது, விட்டுடலாம்.”